வென்ற காசும் உங்களுடையது அல்ல

“பாஸ், இன்றைக்கு நூறு ரிங்கிட் டாப் அப் செய்தால் இன்னொரு நூறு இலவச கிரெடிட். சூச்சி ஐந்தே நிமிடத்தில்.” வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் இந்த மாதிரிச் செய்தியைப் பார்க்காதவர்கள் செமினியில் குறைவாகத்தான் இருப்பார்கள். சூச்சி என்றால் வென்ற கிரெடிட்டைப் பணமாக எடுத்துக்கொள்வது. அது உண்மையில் நடக்குமா, நடக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்பதை யோசிக்கும் முன்பே நூறு ரிங்கிட் போய்விடுகிறது.

ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் தாமான் தாமானாக எழுந்த ஊர் இது. தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று பாங்கி, காஜாங் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல்தான் 1,700 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. நாலு நம்பர் எடுப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்குக் கடை வரை நடக்க வேண்டும், கடை இரவில் மூடிவிடும், குலுக்கலும் வாரத்தில் சில நாள்தான். கைப்பேசி ஆட்டத்துக்கு மூடும் நேரம் கிடையாது. ஷிப்டு முடிந்து விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் புரளும் மனிதரையும் அது எழுப்பி உட்கார வைக்கிறது.

ஆடுகிறவர்களுக்குள் ஓர் அறிவுரை உலவுகிறது: பட்ஜெட் போட்டு ஆடு, தோற்றால் நிறுத்து, வென்றால் பாதியை எடுத்துவை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற இடத்தில் ஆடுகிறவருக்கு அதனால் கொஞ்சம் பலனும் உண்டு. வெளிநாட்டுத் தளத்தில் ஆடுகிறவரை அது காப்பாற்றாது. அங்கே ஆபத்து பந்தயத்தில் மட்டும் இல்லை. பணம் போகிற வழியிலும், திரும்பி வருகிற வழியிலும், தோற்ற பிறகு கடன் வாங்கப் போகிற வாசலிலும் இருக்கிறது.

முதலில் சட்டம். மலேசியாவில் கெந்திங் மலைச் சூதாட்ட விடுதிக்கும், குதிரைப் பந்தயத்துக்கும், மேக்னம், டாமாச்சாய், ஸ்போர்ட்ஸ் டோட்டோ போன்ற எண் குலுக்கல் நிறுவனங்களுக்கும் உரிமம் உண்டு. இணையக் கேசினோவுக்கு இங்கே உரிமம் இல்லை. தளத்தின் அடியில் குராசாவ், ஐல் ஆஃப் மேன் என்று முத்திரை போட்டிருந்தாலும் அது செமினியில் இருக்கும் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி, விடுதி நடத்துபவருக்கு 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அங்கே ஆடப் பிடிபட்டவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பந்தயங்களுக்கு அதே ஆண்டில் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நாடு சுதந்திரம் அடையும் முன்பே எழுதப்பட்ட இந்தச் சட்டங்கள் கைப்பேசியைக் கனவிலும் கண்டதில்லை. சொந்த வீட்டில் படுத்துக்கொண்டு ஆடுவது எந்தப் பிரிவில் வரும் என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி யாரும் ஆட வேண்டாம்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 31-ஆம் பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் எதையும் வழக்குப் போட்டு வாங்க முடியாது. 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டமும், 26-ஆம் பிரிவில், இதையே சொல்கிறது. திரையில் இருபதாயிரம் ரிங்கிட் வென்றதாகக் காட்டிவிட்டு, கிரெடிட் விற்ற ஏஜென்ட் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போனால், அந்தப் பணத்தைக் கேட்டு ஏறுவதற்கு ஒரு நீதிமன்றப் படி கூட இந்த நாட்டில் இல்லை. தோற்ற பணம் போய்விடுகிறது. வென்ற பணம் ஏஜென்ட் மனம் வைத்தால்தான் வருகிறது. தளம் நிற்கும் நாடும் ஒரே நாளில் மனம் மாறலாம். இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட கம்போடியா 2019-இல் அதை மூடியது. பிலிப்பைன்ஸ் 2024-இல் மூடச் சொன்னது. கம்பெனி காணாமல் போகும்போது உங்கள் கணக்கில் இருந்த கிரெடிட்டும் அதோடு போகிறது.

காற்பந்துப் பந்தயக்காரர்கள் ஒரு பழைய வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 1997-இல் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் ஆட்டங்கள் சில, நடுவில் மைதான விளக்குகள் அணைந்து நின்றுபோயின. 1999 பிப்ரவரியில் லண்டன் சார்ல்ட்டன் மைதானத்தில் அப்படி விளக்கை அணைக்க ஏற்பாடு செய்தபோது பிடிபட்டவர்களில் மலேசியர்கள் இருந்தார்கள். ஆசியப் பந்தயச் சந்தையில், பிற்பாதியில் ஆட்டம் நின்றால் அப்போதைய கோல் கணக்கே முடிவு. அதனால் பந்தயக் கும்பல் தனக்குச் சாதகமான நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டால் போதும். நீங்கள் எத்தனை புள்ளிவிவரம் படித்துப் பந்தயம் கட்டினாலும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். உலகக் கிண்ணம் போன்ற பெரிய போட்டிக் காலங்களில், சட்டவிரோதக் காற்பந்துப் பந்தயத்துக்கு எதிராக இண்டர்போல் நடத்தும் சோகா நடவடிக்கையில் மலேசியப் போலீசும் சேர்ந்து சோதனை நடத்துகிறது. 2021-இல் ஐரோப்பியக் கிண்ணக் காலத்தில் மட்டும் 28 நாடுகளில் ஏறக்குறைய 1,400 பேர் கைதானார்கள்.

இப்போது அந்த இலவச கிரெடிட்டுக்கு வருகிறேன். நீங்கள் போட்ட நூறும் அவர்கள் தந்த நூறும் சேர்ந்து இருநூறு. அதை எடுக்க வேண்டுமானால் இருபத்தைந்து மடங்கு ஆடி முடிக்க வேண்டும் என்று நிபந்தனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது மொத்தம் 5,000 ரிங்கிட்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூறு கட்டினால் சராசரியாகத் தொண்ணூற்றாறு திரும்பும் ஸ்லாட் ஆட்டம் என்றால், ஐயாயிரத்தில் கழியும் நான்கு விழுக்காடு 200 ரிங்கிட். சராசரி ஆட்டக்காரர் நிபந்தனையை முடிக்கும்போது கையில் எதுவும் மிஞ்சாது. இலவசம் என்று தந்ததோடு உங்கள் சொந்த நூறும் சேர்ந்து போய்விடும். அந்தத் தொண்ணூற்றாறு உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் அதிகாரி யாரும் இங்கே கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் ஒரு நாள் எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். ரூலெட்டில் சிவப்புக்குப் பத்து ரிங்கிட்டில் தொடங்கி இருபது, நாற்பது என்று போனால் ஏழு தடவை தொடர்ந்து தோற்கும்போது 1,270 ரிங்கிட் போயிருக்கும். எட்டாவதுக்கு 1,280 வேண்டும்; ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளம் அதைத் தாங்காது. ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட்டில் இப்படி ஏழு தோல்வி தொடர்ந்து வருவது ஏறக்குறைய 106 முறைக்கு ஒருமுறை. மற்ற 105 முறையும் பத்துப் பத்தாக வென்றால் 1,050. கணக்கு நேராக நஷ்டத்தில் முடிகிறது. இதை ஆட்ட உத்தி என்று சொல்லித் தருகிறவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பணம் போகும் வழிக்கு வருவோம். ஏஜென்ட் தரும் வங்கிக் கணக்கு எண் பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். யாரோ ஒரு மாணவரோ, வேலையில்லாத இளைஞரோ மாதச் சில நூறு ரிங்கிட்டுக்குத் தம் ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்டிருப்பார். இதைத்தான் கெல்டாய் கணக்கு என்கிறோம். மோசடிப் பணமும் சூதாட்டப் பணமும் அதே கணக்கில் புரள்கின்றன. போலீஸ் அதை முடக்கி விசாரிக்கும்போது, அங்கிருந்து ‘சூச்சி’ வந்த உங்கள் கணக்கும் பட்டியலில் தெரியும். சம்பளம் விழும் கணக்கு முடங்கினால் வீட்டு வாடகை, பள்ளிப் பேருந்துக் கட்டணம் எல்லாம் நின்றுபோகும். கார்டை வாடகைக்கு விடுவது தனிக் குற்றம். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே 424ஏ தொடங்கிப் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ‘எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டு மட்டும்தான் கொடுத்தேன்’ என்ற பதில் இனி எடுபடாது. இதை உங்கள் வீட்டுப் பதினெட்டு வயதுப் பையனிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ‘கஸ்டமர் சர்வீஸ், நல்ல சம்பளம், கொண்டோவில் தங்குமிடம்’ என்று வரும் வேலையும் பலமுறை சூதாட்ட அழைப்பு மையமாகவே இருக்கிறது. சோதனை நடக்கும்போது விலங்கு மாட்டப்படுவது அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான்.

ஆட்டச் செயலி பெரும்பாலும் பிளே ஸ்டோரில் கிடைக்காது. ஏஜென்ட் அனுப்பும் ஏபிகே கோப்பாக வரும். அதை நிறுவினால் கைப்பேசியின் குறுஞ்செய்திகளையும் வங்கி விவரங்களையும் திருட வழி திறக்கலாம். அடையாளக் கார்டைப் படம் எடுத்து அனுப்பியவர்கள் பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இலவசமாக எடுத்து, தம் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் குடும்பங்களை உடைப்பது ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரரிடம் வாங்கும் கடன். சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், அடமானக் கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. பதினெட்டு என்றாலும் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடுதான்! வாரத்துக்குப் பத்து விழுக்காடு கேட்பவர் ஆண்டுக்கு 520 விழுக்காடு கேட்கிறார். உரிமம் பெற்றவர் சட்டம் சொன்ன படிவத்தில் ஒப்பந்தம் எழுதி ஒரு பிரதியை உங்களிடம் தர வேண்டும்; ஏடிஎம் கார்டைப் பிடித்துவைக்கக் கூடாது. வீட்டுவசதி, ஊராட்சி அமைச்சின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் உரிமம் உண்டா என்று தெரிந்துவிடும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவருக்கு இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அவர் எழுதி வாங்கிய கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்டவும் முடியாது.

கணவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவியோ, அண்ணனோ, அம்மாவோ சட்டப்படிப் பொறுப்பில்லை. வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவதும், கேட்டுக்குப் பூட்டுப் போடுவதும், பிள்ளையின் பள்ளிப் பெயரைச் சொல்லி மிரட்டுவதும் குற்றங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள்; தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்; பணம் அனுப்பிய ரசீதுகளையும் சேர்த்துக்கொண்டு செமினி போலீஸ் நிலையத்திலோ காஜாங் மாவட்டத் தலைமையகத்திலோ புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு வாரமும் கடன் ஏறுகிறது. ஆலோங்குக்கு அந்த வெட்கம்தான் மூலதனம்.

ஏமாந்தது தெரிந்தால், உதாரணமாக வென்ற பணத்தை விடுவிக்க முதலில் ‘வரி’ கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால், உடனே 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் பதிலளிப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு. கூடவே வங்கிச் செயலியில் இருக்கும் கில் சுவிட்சை அழுத்திக் கணக்கை நிறுத்துங்கள். யாருக்கும் பணம் அனுப்பும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்ப்பது இலவசம். விரும்பி ஆடித் தோற்ற பணம் திரும்ப வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

‘நானும் ஆடினேனே, புகார் கொடுத்தால் என்னையே பிடிப்பார்களே’ என்ற பயம் நியாயமானது. அதற்காகப் பொய்க் கதை கட்டிப் புகார் எழுதக் கூடாது. பொய்ப் புகாரும் குற்றம். முதலில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். யாராவது கைதாகிவிட்டால், எதற்காக என்று தெரிந்துகொள்ளவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது.

ஆடுவதை நிறுத்த முடியாமல் தவிப்பவர் இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. சுகாதார அமைச்சின் மென்தாரி மையங்களில் மனநல உதவி கிடைக்கும். கோபமாகப் பேசி, கோயிலில் சத்தியம் வாங்கி அனுப்பினால் பெரும்பாலும் நிற்காது. பணம் கைக்கு வரும் வழிகளைக் குறைக்க வேண்டும்: சம்பளத்தை அவர் சம்மதத்தோடு இன்னொருவர் கவனிப்பது, வங்கியில் ஒருநாள் பரிமாற்ற வரம்பைக் குறைப்பது, பெட்பிளாக்கர் மாதிரி இலவசத் தடுப்புச் செயலியைப் போடுவது. 2024 மே முதல் தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் சந்தாவில் பத்து விழுக்காடு, நினைத்தபோது எடுக்கக்கூடிய ஃபிலெக்சிபல் கணக்குக்குப் போகிறது; 50 ரிங்கிட் இருந்தாலே எடுத்துவிடலாம். அந்தக் கணக்கின் மேல் ஒரு கண் இருக்கட்டும். பேச்சில் உயிரை விடும் குறிப்புத் தெரிந்தால் தனியே விடாதீர்கள். பெஃபிரண்டர்ஸ் எண் 03-7627 2929, நாள் முழுவதும். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

நகையை விற்றுக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடுவதில்தான் பல தாய்மார்கள் தவறுகிறார்கள். ஆட்டம் நிற்காத வரை, அடைந்த கடன் அடுத்த கடனுக்கு இடம் விடுவதாகவே முடியும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு நிலுவை என்றால், பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாகக் கணக்குப் பார்த்து, மாதத் தவணையைக் குறைத்துத் தர வங்கிகளிடம் பேசும். ஆலோங் கடனை அது எடுக்காது. அது போலீஸ் விஷயம். ஏகேபிகேயின் 03-2616 7766 எண்ணில் நேரம் வாங்கிக்கொண்டு, அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, எல்லாக் கடன் அறிக்கைகள், மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு ஆடியவரும் நீங்களுமாகப் போங்கள். சூதாட்டத்தில் போன தொகையையும் அந்தக் கணக்கில் மறைக்காமல் எழுதுங்கள்.