போருக்குத் தப்பிய பானைகளைப் பாலிஷ் அழிக்கிறது

மறுமலர்ச்சிக் காலச் சிற்பி செல்லினி ‘பெர்சியஸ்’ வெண்கலச் சிலையை வார்த்தபோது உலோகம் பாதியிலேயே உறையத் தொடங்கிவிட்டது. வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகள், கிண்ணங்கள் என ஏறக்குறைய 200 உருப்படிகளை அள்ளிப் போட்டுத்தான் வேலையை முடித்தாராம். தன்வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1554-இல் ஃபிளாரன்ஸில் திறக்கப்பட்ட அந்தச் சிலையை உலகம் கொண்டாடுகிறது. அதற்குள் கரைந்த பாத்திரங்களை யாரும் நினைப்பதில்லை.

அந்தக் காலத்தில் வீட்டு உலோகம் என்பது சேமிப்பு. ஓட்டை விழுந்தால் எடைக்குப் போகும். போர் வந்தால் பீரங்கியாகும். மைக்கேலாஞ்சலோ போலோக்னாவில் 1508-இல் முடித்த போப் இரண்டாம் ஜூலியஸின் வெண்கலச் சிலையே 1511-இல் உடைக்கப்பட்டுப் பீரங்கியானது. அப்படியிருக்க, மருந்து இடிக்கும் உரலும் குழம்புப் பானையும் எம்மாத்திரம்? இத்தனைக்கும் இவற்றை வார்த்தவை சாதாரணக் கைகள் அல்ல. கோயில் மணியையும் பீரங்கியையும் வார்த்த பட்டறைகளிலேயே வீட்டுச் சாமான்களும் பிறந்தன. வெனிஸ் டோஜே அரண்மனை முற்றத்தில் கிணறுகளைச் சுற்றி நிற்கும் சித்திர வேலைப்பாடுள்ள இரண்டு வெண்கல வளையங்களும் (1556, 1559) பீரங்கி வார்ப்பாளர்கள் செய்தவைதான்.

அப்படி உருகாமல் தப்பிய, வட ஐரோப்பாவின் மூன்று கால் வெண்கலப் பானை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். உலோகம் ஊற்றிய வாயின் தழும்பு அடியில் இருக்கும். களிமண் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில் ஓடும். உள்கருவும் வெளி அச்சும் ஒட்டாமலிருக்க வைத்த சிறு உலோகத் துண்டுகள் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதன்மேல் பல தலைமுறை அடுப்புக்கரி, ஒட்டுப்போட்ட தடம். பானையின் வயதையும் வாழ்வையும் சொல்வதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இவ்வளவே.

இதைத்தான் இன்று பாலிஷ் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து எடுக்கிறார்கள். பளபளப்புக்குத்தான் விலை என்பது வியாபாரிகளின் வாதம். பரவி அரிக்கும் பச்சைக் களிம்பை நிறுத்தியாக வேண்டும் என்பது உண்மையே. அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வேலை, பாலிஷ்காரர் தொடக்கூடாது. தேய்த்த பானையில் வார்ப்புத் தடமும் போய்விடுகிறது, கரியும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலிக்கும் அசலுக்கும் வேறுபாடு சொல்வது நிபுணருக்கே கடினம்.

ஏலத்தில் இத்தகைய பாத்திரம் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கறுத்த பானையையே கேட்டு வாங்குங்கள். மினுக்கியதற்குக் கூடுதல் பணம் தராதீர்கள்.