30 டாலருக்கு விற்ற தாளம்

நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர் கணினியில் செய்த தாள இசை ஒன்றை இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட அமெரிக்கக் கறுப்பின இளைஞர் லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்கு வாங்கிப் பாடினார். 'ஓல்ட் டவுன் ரோடு' என்ற அந்தப் பாட்டு 2019இல் பில்போர்டு பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 30 டாலரோடு யங்கியோவின் கதை முடியவில்லை. பாட்டின் தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. அவர் எடுத்தாண்ட பாஞ்சோ ஒலி நைன் இன்ச் நெயில்ஸ் குழுவுடையது. அதனால் அக்குழுவினர் பெயரும் சேர்க்கப்பட்டது.

ஹிப்ஹாப் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஏழைத் தெருக்களில் பிறந்தது. இன்று அதன் இசையை, அதாவது 'பீட்'டை, பெரிய நிறுவனத்தின் தயவின்றி விற்கிறார்கள். புகழ்பெற்ற பாடகரின் பெயரோடு 'டைப் பீட்' என்று தலைப்பிட்டு யூடியூபில் ஏற்றுவார்கள். அந்தப் பாணியைத் தேடுபவர் கண்ணில் அது படும். திருட்டைத் தடுக்க, தம் பெயரைச் சொல்லும் குரலை இடையிடையே சேர்ப்பார்கள். பணம் கட்டியவருக்குக் குரல் நீக்கிய இசை கிடைக்கும்.

பீட்ஸ்டார்ஸ் போன்ற தளங்களில் இரண்டு வகை வியாபாரம் நடக்கிறது. ஒன்று குத்தகை மாதிரி: விலை குறைவு, ஒரே இசையைப் பலருக்கும் தரலாம், எத்தனை முறை ஒலிக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். மற்றது கிரயம் மாதிரி: விலை பல மடங்கு, அதன்பின் வேறு எவருக்கும் விற்க முடியாது.

குத்தகையும் கிரயமும் நமக்குத் தெரியாத சொற்களா? படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைத்துப் பஞ்சமி நிலத்தை இழந்த குடும்பங்கள் நம் சேரிகளில் உண்டு. சாவு வீட்டில் பறையடித்த நம் பெரியவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள், சாதிப் பெயர் கொடுத்தார்கள். கலைஞன் என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் செல்போனிலேயே இசை செய்கிறார்கள். கானாவையும் ராப்பையும் சேர்த்து கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018இல் சென்னையில் மேடையேறியது அவர்களுக்குத் தெம்பு தந்தது. தெம்போடு சட்டமும் தெரிய வேண்டும். பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்த நொடியிலேயே உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமை 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2012 திருத்தத்தின்படி, இசையமைத்தவரும் பாட்டெழுதியவரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது.

தம்பி, தங்கைகளே, கையெழுத்துக்கு முன் தாளை முழுதாகப் படியுங்கள். உங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் பேனாவை மூடி வையுங்கள்.