மீன் தொட்டியின் அடிக்கற்களை மாற்றுமுன்

கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு இல்லத்திற்கு வெள்ளையடித்துத் திரைச்சீலைகளை மாற்றும் நாட்களில், முன்னறையிலுள்ள மீன் தொட்டியின்மீதும் நம் பார்வை விழுவது இயல்பே. நீலமும் சிவப்பும் பூசிய கற்கள் சாயம்போய்க் கிடக்கின்றன. இடுக்குகளில் அழுக்குப் படிந்திருக்கிறது. அவற்றை அள்ளி எறிந்துவிட்டுப் புது மணல் இட்டால் தொட்டி பொலிவுபெறும் என்று எண்ணுகிறோம். எண்ணம் நல்லதே. ஆயினும், ஈராண்டு மூவாண்டு குறைவின்றி வாழ்ந்த மீன்கள், தொட்டியைப் பளபளவென்று கழுவிய நான்காம் ஐந்தாம் நாளில் ஒவ்வொன்றாய் மிதப்பதும், குழந்தைகள் கண்கலங்குவதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. புது மணலில் நஞ்சு என்று கடைக்காரரைக் குறைகூறுவோர் உண்டு. பெரும்பாலும் கேடு வந்த மணலால் அன்று. வெளியேறிய கற்களோடு வேறொன்றும் வெளியேறிவிட்டதே காரணம்.

அது யாதெனக் காண்போம். மீன்கள் செவுள்களின் வழியே அம்மோனியாவை இடையறாது நீரில் விடுகின்றன. எஞ்சிய தீனி அழுகுவதாலும் அது உண்டாகிறது. மிகச் சிறிதளவே போதும், செவுள்கள் புண்ணாகிவிடும். ஏரியிலும் ஆற்றிலும் பெருநீர் அதனைக் கரைத்து மறைத்துவிடும். 60 சென்டிமீட்டர் நீளமும், அகலமும் உயரமும் 30 சென்டிமீட்டரும் உள்ள தொட்டியோ, விளிம்புவரை நிரப்பினும் 54 லிட்டரே கொள்ளும். அத்துணைச் சிறு நீரில் மீன்கள் உயிர்வாழ்வது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் உழைப்பால். சில அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது பெருந்தீங்கு இழைக்காதது, செடிகளுக்கு உணவாவது. ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இரு வேலைகளையும் ஒரே பாக்டீரியா செய்யவல்லது என்பது 2015இல் தெரியவந்தது. அதற்குச் சான்றளித்தவற்றுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது நம் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இவை பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவன அல்ல. கல், கண்ணாடி, இலை, வடிகட்டி ஆகியவற்றின் மேற்பரப்பில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்வன. மெதுவாகவே பெருகுவன. புதுத் தொட்டியில் போதிய அளவு உண்டாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஒரே நாளில் கற்களையும் நீரையும் அகற்றி, வடிகட்டியையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால், நிறைந்த தொட்டியை மீண்டும் முதல் நாளுக்கே கொண்டுபோய்விடுகிறோம். மீன்களின் எண்ணிக்கையோ குறையவில்லை.

ஆகவே, கற்களில் கைவைக்குமுன் வடிகட்டி எவ்வகையது என்று பார்ப்போமாக. பஞ்சு வடிகட்டியோ தனிப் பெட்டி வடிகட்டியோ நெடுநாள் ஓடிவந்திருந்தால், பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அதில் இருக்கும். அதைத் தொடாதவரை அச்சம் குறைவு. கற்களுக்கு அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டை வைத்துக் காற்றுப் பம்பினால் நீரை இழுக்கும் பழைய முறை இன்றும் பல வீடுகளில் உண்டு. அங்கே கற்களே வடிகட்டி! அவற்றை மொத்தமாக அகற்றுவது நுரையீரலைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், அத்தட்டின்மீது நுண்மணல் இட்டால் துளைகள் அடைபடும். மணலே வேண்டுமெனில், முதலில் ஒரு பஞ்சு வடிகட்டியை உடன் வைத்து ஆறு வாரம் ஓடவிட்டு, பின்னரே கற்களைச் சிறிது சிறிதாகவும், இறுதியில் தட்டையும் எடுக்கவேண்டும்.

புதிதாக இடுவது எது? வண்ணக் கற்களைக் காட்டிலும் எளிய ஆற்று மணலே நம் கண்ணுக்கு அழகு. அடியில் மேயும் கெளுத்தி இன மீன்களின் மென்மையான மீசைக்கும் அதுவே இதம். கட்டடத்திற்கென நொறுக்கிய எம்-சாண்ட் கூர்மையானது; வேண்டாம். சிறிது மணலில் வினிகர் விட்டுப் பார்ப்பது நன்று. நுரைத்தால் கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்பு கலந்துள்ளது, அது நீரைக் கடினமாக்கும். மேற்சொன்ன தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு 9 லிட்டர், அஃதாவது ஏறத்தாழ 14 கிலோ மணல் தேவை. கலங்கல் நீங்கும்வரை பன்முறை அலச வேண்டும். இதில் சலிப்புக் கூடாது.

மாற்றும் நாளில் மூன்றிலொரு பங்கு கற்களை மட்டும், தொட்டியின் ஓர் ஓரத்திலிருந்து எடுப்போம். அகன்ற ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்தால் அழுக்கும் உடன் வந்துவிடும். அடியில் கறுத்த சேறும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீன்களைத் தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மாற்றிவிட்டே கிளறவேண்டும். வடிகட்டியை உலரவிடாது அதே வாளியில் ஓடவிடுவோம். புது மணலைக் கிண்ணத்தில் எடுத்துச் சென்று அடியில் கவிழ்த்தால் கலங்கல் குறையும். குறைந்த நீருக்கு ஈடாக, குளோரின் நீக்கிய நீரையே ஊற்றவேண்டும். குளோரின் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒருசேரப் பகை. அடுத்த பங்கிற்கு இரு வாரம் பொறுப்போம். எடுத்த கற்களில் ஒரு பிடியை வலைத்துணியில் கட்டித் தொட்டியிலேயே தொங்கவிட்டால் பாக்டீரியா புது மணலில் குடியேறத் துணையாகும்.

அந்நாட்களில் தீனியைப் பாதியாக்குக. பிள்ளைகள் மறைவாகப் போடுவதையும் கவனிக்கவேண்டும்! மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ, செவுள்கள் சிவந்தாலோ, தாமதியாது மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக. கோடையில் இவ்வேலையைத் தவிர்ப்பது நலம். வெப்பம் ஏறினால் அம்மோனியாவின் கொடுமை ஏறும், நீரில் ஆக்சிஜனும் குறையும்.

உறிஞ்சி எடுத்த அழுக்கு நீரைச் சாக்கடையில் கொட்டாது ரோஜாச் செடிக்கு ஊற்றலாம்.