தூண்டிலில் சிக்கிய காட்டுக்கோழி

சால்மன் மீனுக்கான டியூப் ஃபிளையை வீட்டு மேஜையிலேயே கட்டலாம். அதற்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பறவை சாக வேண்டியதில்லை.

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் சேத்துமடையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அந்தக் காட்டிலும், உடுமலைப்பேட்டை - மூணாறு சாலையில் இடுக்கி மாவட்டம் தொடங்கும் சின்னாற்றிலும் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலுக்கும் ஸ்காட்லாந்து ஆறுகளில் எதிர்நீச்சல் போடும் சால்மன் மீனுக்கும் என்ன சம்பந்தம்? நூறாண்டுக்கு மேற்பட்ட, ரத்தக் கறை படிந்த சம்பந்தம்.

எல்லாம் சேவலின் கழுத்து இறகால் வந்த வினை. ஒவ்வோர் இறகிலும் மெழுகைச் சொட்டவிட்டது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் பொட்டுகள். இறகுகளையும் ரோமங்களையும் முள்ளில் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஃபிளை. அதன் இரு பக்கமும் இந்த இறகை ஒட்டவைத்துக் கட்டினால் தண்ணீருக்குள் கண்கள் போல மின்னும். ஜாக் ஸ்காட் போன்ற 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சால்மன் ஃபிளைகளில் இந்த இறகுக்கு நிரந்தர இடம். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. பாண்டிச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் ஸோனராவின் பெயரை அறிவியலில் தாங்கி நிற்கும் பறவை, அயல்நாட்டுக் கனவான்களின் பொழுதுபோக்குக்குப் பலியானது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது. இன்று வெளிநாட்டுச் சந்தையில் சட்டப்படி கிடைப்பவை பிரிட்டன் போன்ற நாடுகளில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகுகள். ஆனால் இறகு மோகம் இன்னும் தணியவில்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் புகுந்த ஓர் அமெரிக்க இசை மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடிச் சென்றார். காரணம், பழைய பாணி சால்மன் ஃபிளை கட்டும் ஆசை!

வேடிக்கை என்னவென்றால், முட்டையிட ஆற்றுக்குள் நுழையும் அட்லாண்டிக் சால்மன் இரை தேடுவதையே விட்டுவிடுகிறது. பசியில்லாத மீனுக்கு முன்னால் காட்டப்படும் ஃபிளை, உணவு என்பதைவிடச் சீண்டல் என்பதே பொருத்தம். எரிச்சலோ பழக்கமோ, மீன் பாய்ந்து கவ்வுகிறது. அந்தச் சீண்டலுக்கு அபூர்வ இறகுதான் வேண்டும் என்று சால்மன் ஒருபோதும் கேட்டதில்லை.

அதை நிரூபித்தது டியூப் ஃபிளை. 1945 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், சார்லஸ் பிளேஃபேர் நிறுவனத்தில் ஃபிளை கட்டிவந்த வின்னி மொராவ்ஸ்கி என்ற பெண்மணி இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. வான்கோழி இறகின் பொள்ளலான தண்டுதான் ஆரம்பக் குழல். முள்ளின் மேல் நேரடியாகக் கட்டாமல் சிறு குழலின் மேல் கட்டுவது. தூண்டில் நரம்பை அதற்குள் விட்டு, கடைசியில் முள்ளை முடிவது. யோசனை அவ்வளவுதான்.

பலன்கள் பல. மீன் மாட்டியதும் குழல் நரம்பில் மேலே வழுக்கிப் போய்விடும். மீனின் பல் பட்டு ஃபிளை சிதைவதில்லை. நீண்ட தண்டுள்ள முள்ளைப் போல நெம்பிக்கொண்டு விடுபடும் வாய்ப்பும் குறைவு. முள் மழுங்கினால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக் குழல் மேல்மட்டத்தில் நீந்தும். அலுமினியம் சற்று இறங்கும். பித்தளையோ ஆழத்துக்குப் போகும்.

கற்றுக்கொள்வது பூத்தொடுக்கத் தெரிந்த கைகளுக்குப் பெரிய கஷ்டமில்லை. தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலை நன்றாகக் கழுவி ஓர் அங்குலத்துக்கு வெட்டி, உள்ளே கொள்ளும் கோணி ஊசியில் இறுக்கமாகச் செருகி, ஊசியைச் சிறு வைஸில் பிடித்துக்கொள்ள வேண்டும். குழலின் முனையைத் தீயில் லேசாகக் காட்டினால் விளிம்பு தடித்து, நூல் நழுவாது, நரம்பும் அறுபடாது. மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போட்டு, கறுப்புப் பட்டு நூலால் உடலும் அதன் மேல் இடைவெளி விட்டு ஜிகினாச் சரிகையும் சுற்றலாம். தலைப்பக்கம் ரோமக் கற்றையைக் குழலைச் சுற்றிலும் சமமாகப் பரப்பிக் கட்டவேண்டும். அதிகம் வைப்பதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு. தண்ணீரில் அசைந்தாடக் கொஞ்சம் ரோமமே போதும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகை இரண்டு சுற்றுச் சுற்றி, நூலை முடிந்து, தலையில் வார்னிஷ் தடவினால் வேலை முடிந்தது. பின்பக்கம் ஒரு சிறு ரப்பர் குழாயைச் செருகிவிட்டால், முள் ஆடாமல் நிற்கும்.

காட்டுச் சேவலின் கண் பொட்டுக்கு? கோழி இறகில் வெள்ளை, மஞ்சள் நகப்பூச்சால் பொட்டு வைத்தாலே போதும். உதிர்ந்த மயில் தோகையை உள்நாட்டில் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் விலக்கு அளிக்கிறது; அதன் இழைகளும் உடல் சுற்ற உதவும். காட்டில் கிடக்கும் காட்டுக்கோழி இறகை மட்டும் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

சரி, கட்டியதை எங்கே வீசுவது? இந்திய ஆறுகளில் அட்லாண்டிக் சால்மன் கிடையாது. அதன் உறவுக்காரரான ட்ரவுட் உண்டு. குளிர்ந்த நீரில் மட்டுமே பிழைக்கும் இந்த மீனை நீலகிரியிலும் மூணாற்றிலும் கொண்டுவந்து விட்டவர்கள் ஆங்கிலேயர்களே. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் துரைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. பக்கத்திலேயே கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு எட்டாத மீன். சிறிய ட்ரவுட்டுக்கு அரை அங்குலக் குழல் போதுமானது. ஆனால் இந்த அயல்நாட்டு மீன் உள்ளூர் ஓடை மீன்களை விழுங்கக்கூடியது; புதிய ஓடைகளில் கொண்டுபோய் விடுவது வினையை விலைக்கு வாங்குவது. 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனத்துறை அனுமதியின்றித் தூண்டிலைத் தொடவே கூடாது.

அனுமதி கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. கட்டிய ஃபிளை ஒரு கைவேலையாக அலமாரியை அலங்கரிக்கும். சேவலும் தன் கழுத்தோடு காட்டில் கூவிக்கொண்டிருக்கும்.