பெண் எப்படி இருக்கிறாள்?

பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நம் வீடுகளில் காலில் தண்ணீர் ஊற்றிக் கொள்ளக்கூட விடமாட்டார்கள். வாசலிலேயே மடக்கி, "பெண் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுவிடுவார்கள். நிறம், உயரம், கூந்தல், மூக்கு, பேச்சு, அடக்கம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. பிரசவித்த பெண்ணைப் பற்றியும் இதே கேள்விதான். ஆனால் அப்போது விசாரிப்பது தேக சௌக்கியத்தை. நமக்குள் இது புரிந்துவிடும்.

இங்கிலீஷில் அந்தச் சௌகரியம் கிடையாது. 'ஹௌ ஈஸ் ஷீ?' என்றால் சௌக்கியமா என்று அர்த்தம். 'வாட் டஸ் ஷீ லுக் லைக்?' என்றால் பார்வைக்கு எப்படி என்று. 'வாட் ஈஸ் ஷீ லைக்?' என்றால் பெரும்பாலும் குணத்தைப் பற்றிய விசாரணை. போதாக்குறைக்கு, 'வாட் டஸ் ஷீ லைக்?' என்று ஒன்று இருக்கிறது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது அதன் பொருள். மருமகளின் குணத்தைக் கேட்ட அண்டை வீட்டு அம்மாளிடம் நீங்கள் "ஐந்தடி இரண்டு அங்குலம்" என்று பதில் சொன்னால் அவள் விழிக்க மாட்டாளா, சொல்லுங்கள்!

மகளுக்குப் பிரசவம் பார்க்கவும் பேரனை வளர்க்கவும் லண்டனுக்கும் நியூ ஜெர்ஸிக்கும் போய் வருகிற தாய்மார்கள் இன்று அநேகம். கடையில் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டே சமாளித்து விடலாம்; கத்தரிக்காயைக் கையால் காட்டினால் போதும். மனிதர்கள் விஷயம் அப்படியல்ல. எதிரில் இல்லாத ஒருவரைச் சொல்லாலேயே எழுதிக் காட்டியாக வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் பள்ளிக்கூடத்திலும் பத்திரிகை விளம்பரத்திலும் கற்றுக்கொண்ட சில வார்த்தைகள் நம்மைக் காலை வாரி விடுகின்றன.

முதல் குற்றவாளி 'ஹோம்லி'. கல்யாண விளம்பரங்களில் குடும்பப்பாங்கான பெண் என்பதற்கு அந்த வார்த்தையைத்தான் போடுகிறோம். இங்கிலாந்தில் அதற்கு எளிமையான, வீட்டுச் சுகம் தருகிற என்று பொருள். அமெரிக்காவிலோ, 'அழகில்லாதவள்' என்பதை நாசூக்காகச் சொல்கிற வார்த்தை அது! "என் மருமகள் வெரி ஹோம்லி" என்று நீங்கள் வாய் நிறையப் புகழ்ந்தால், கேட்கிற அமெரிக்க அம்மாள், பாவம், இந்த மாமியாரிடம் அந்தப் பெண் என்ன பாடு படுகிறதோ என்று நினைத்துக்கொள்வாள். குடும்பப்பாங்கு என்பது தோற்றமே அல்ல, குணம். 'ஷீ ஈஸ் டிவோட்டட் டு ஹர் ஃபாமிலி' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்பதையும் அப்படியே பெயர்த்து வைக்க வேண்டாம். மூக்கும் விழியும் யாருக்குத்தான் இல்லை? 'லவ்லி ஃபீச்சர்ஸ்' என்றால் போதும். 'களை'யான முகத்துக்கு நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல் நம்மிடமே இருக்கட்டும்.

அடுத்தது நிறம். "பெண் நல்ல சிவப்பு" என்கிறோம். அதை 'ரெட்' என்றால், வெட்கத்தாலோ வெயிலாலோ முகம் கன்றிப்போயிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். கோதுமை நிறம் என்பதற்கு நாம் வைத்திருக்கிற 'வீட்டிஷ்' இந்தப் பக்கத்துக்கு வெளியே விலை போகாது. 'ஃபேர்' என்பதை அவர்கள் பல சமயம் கூந்தலுக்குச் சொல்வார்கள். 'ஃபேர் ஹேர்' என்றால் பொன்னிறக் கூந்தல். அந்தச் சொல்லுக்கு ஆதியில் அழகு என்றே பொருள். வெளுப்பும் அழகும் ஒரே வார்த்தைக்குள் குடியிருந்தது நம்மவர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று ஒரு களிம்பு வந்ததும், 2020-ல் அது 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டதும் நீங்கள் அறிந்ததே. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்கிற கூடத்தில் கேள்வி மாறியதா என்பதை உங்கள் வீட்டுப் பெண்களிடமே கேட்டுப் பாருங்கள்.

உடம்பைப் பற்றியும் இதே ஜாக்கிரதை தேவை. "என்னடி இப்படி இளைத்துவிட்டாய்!" என்பது இங்கே அன்பு. அங்கே முகத்துக்கு நேரே உடம்பைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு. 'ஃபாட்' என்பதை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். பூசினாற்போல் இருப்பவளை 'ப்ளம்ப்' என்று அகராதி சொல்லும். ஆனால் வயது வந்த பெண் யாரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதில்லை. கொழுகொழுக் குழந்தையைச் 'சப்பி' என்று கொஞ்சலாம். ஒல்லியில் மூன்று தினுசு உண்டு. 'ஸ்லிம்' புகழ்ச்சி, 'தின்' வெறும் தகவல், 'ஸ்கின்னி' எலும்பும் தோலும். குண்டானவர்களை நாம் நாகரிகமாக 'ஹெல்தி' என்கிறோமே, அங்கே அதற்கு நோய் நொடி இல்லாதவர் என்று மட்டும்தான் பொருள்.

இனிக் கூந்தலுக்கு வருவோம். நமக்குப் பிடித்த சமாசாரம்.

'ஷீ ஹாஸ் லாங் ஹேர்ஸ்' என்று சொல்லாதீர்கள். கூந்தல் முழுவதும் சேர்ந்து ஒரே 'ஹேர்'தான். 'ஹேர்ஸ்' என்று பன்மை போட்டால் தனித்தனி முடி. சாம்பாரில் கிடந்தால் சொல்லுகிற முடி! கோரை முடி 'ஸ்ட்ரெய்ட்', நெளி நெளியாக இருந்தால் 'வேவி', சுருட்டை 'கர்லி'. அடுக்குகிற வரிசையும் உண்டு. முதலில் நீளம், பிறகு வடிவம், கடைசியில் நிறம்: 'லாங் கர்லி ப்ளாக் ஹேர்'. தமிழில் கறுத்து நீண்ட சுருட்டைமுடி என்றாலும், நீண்டு கறுத்த சுருட்டைமுடி என்றாலும் அழகுதான். இங்கிலீஷில் வரிசை புரண்டால் காதில் கல் இடறும்.

பின்னலுக்கு லண்டனில் 'ப்ளாட்'. எழுத்தைப் பார்த்துவிட்டுப் 'ப்ளெய்ட்' என்று வாசிக்கத் தோன்றும், வேண்டாம். 'ப்ளீட்' என்று சொல்வோரும் உண்டு. அது புடவைக் கொசுவம்! தலையில் கொசுவமும் இடுப்பில் பின்னலுமாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்காவில் பின்னலுக்கு 'ப்ரெய்ட்' என்பார்கள். நெற்றியில் கத்தரித்து விட்டிருக்கிற முடி லண்டனில் 'ஃப்ரிஞ்ஜ்', அமெரிக்காவில் 'பாங்ஸ்'. கொண்டைக்கு மட்டும் இரண்டு தேசமும் ஒற்றுமையாகப் 'பன்' என்கின்றன. நம் டீக்கடைப் பன்னேதான். கழுத்தளவு 'பாப்' இன்று யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ஒரு காலத்தில் அங்கேயும் அது ஊரைக் கூட்டிய சங்கதி. 1920-ல் அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு பெண் பாப் வெட்டிக் கொள்வதை வைத்தே சிறுகதை எழுதினார். வீட்டுக்காரருக்கு முன்னந்தலை ஏறிக்கொண்டு வருகிறதா? 'பால்ட்' என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் 'கோயிங் பால்ட்' என்று சொல்லுங்கள். வழியில் இருக்கிறார், இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள்!

உடை விஷயத்தில் இங்கிலீஷ் நமக்கு ஒரு சலுகை செய்திருக்கிறது. நாம் புடவை கட்டுகிறோம், ரவிக்கை போடுகிறோம், பூ வைக்கிறோம், மை இடுகிறோம், கைக்கடிகாரம் கட்டுகிறோம், செண்ட் பூசுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல். அவர்களுக்கோ எல்லாம் ஒரே 'வேர்'. இப்போது உடம்பில் இருப்பது 'ஈஸ் வேரிங்'. வழக்கமாக உடுத்துவது 'வேர்ஸ்'. கண்ணாடிமுன் நின்று மாட்டிக்கொள்கிற காரியம் மட்டும் 'புட் ஆன்'.

சட்டை துணிகளின் பெயரில்தான் வழுக்கும். லண்டனில் 'பாண்ட்ஸ்' என்றால் உள்ளாடை. சம்பந்தியின் கறுப்புப் பாண்ட்ஸைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசிவிடாதீர்கள்! 'ட்ரௌஸர்ஸ்' என்பதே பத்திரம். 'ஸ்லிப்பர்ஸ்' வீட்டுக்குள் போடுகிற மெத்தென்ற காலணி; தெருவில் போட்டு நடப்பது 'ஸாண்டல்ஸ்'. பனியனுக்கு லண்டனில் 'வெஸ்ட்'. அமெரிக்காவில் 'வெஸ்ட்' என்றாலோ கோட்டுக்குள்ளே போடுகிற கையில்லாச் சட்டை.

பச்சைப் புடவைக்காரி, சுருட்டைமுடிக்காரி என்று நாம் ஒரே 'காரி'யை ஒட்டி வேலையை முடித்து விடுகிறோமல்லவா? அங்கே உடைக்கு 'இன்', உடம்பில் உள்ளதற்கு 'வித்'. 'த லேடி இன் த க்ரீன் ஸாரி', 'த லேடி வித் கர்லி ஹேர்'. இந்த இரண்டு சின்னச் சொற்களும் கைவசம் இருந்தால், கூட்டத்தில் யாரையும் சுட்டிக் காட்டிவிடலாம்.

இத்தனையும் எதற்கு என்கிறீர்களா? பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர்ப் பெரிய அங்காடி ஒன்றுக்குப் போகிறீர்கள். விலைச் சீட்டைப் பார்க்கக் குனிந்து நிமிர்வதற்குள் பிள்ளையைக் காணோம். கடைச் சிப்பந்தி ஓடி வந்து கேட்பது ஒன்றுதான்: 'வாட் டஸ் ஹீ லுக் லைக்?' அந்தக் கணத்தில் நம் நெஞ்சில் ஓடுவதெல்லாம் 'தங்க விக்கிரகம் மாதிரி இருப்பானே' என்பதுதான். அதை வைத்துக்கொண்டு யாரும் பிள்ளையைத் தேட முடியாது. வயது, உயரம், முடி, உடுப்பு, காலணி, அங்க அடையாளம் என்று மேலிருந்து கீழே வாருங்கள். 'ஹீ ஈஸ் ஃபோர். ஹீ ஹாஸ் ஷார்ட் கர்லி ப்ளாக் ஹேர். ஹீ ஈஸ் வேரிங் எ எல்லோ டீ ஷர்ட், ப்ளூ ஷார்ட்ஸ் அண்ட் ரெட் ஷூஸ்.' கன்னத்தில் மச்சம் இருந்தால் 'மோல்', தழும்பு இருந்தால் 'ஸ்கார்'. பள்ளிக்கூடச் சான்றிதழில் நமக்கே எழுதித் தந்த வார்த்தைகள்தானே இவை! அமெரிக்காவில் 911-ஐயும் இங்கிலாந்தில் 999-ஐயும் கூப்பிட நேர்ந்தாலும் டெலிபோனில் கேட்பது இந்த விவரங்களைத்தான்.

கைப்பேசியில் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, போன பிறந்த நாளில் ஜிப்பா போட்டுக்கொண்டு எடுத்தது! வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வாசலில் நிற்க வைத்து ஒன்று எடுத்துவிடுங்கள். கால் வரைக்கும் விழட்டும். உள்ளே வெப்பமாக இருந்தால் பிள்ளை மேல் சட்டையைக் கழற்றிவிடும். ஷூவை லேசில் கழற்றாது.