மாமியார் வீட்டுக் கிழங்கு

'கல்யாணத்துக்குச் சீர் என்று ஒரு குண்டூசி கூட வேண்டாம்' என்று வீராப்பாகச் சொன்னவன் நான். (அப்போது எங்கப்பா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே!) அப்படியும் ஒரு சீர் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, 2016 பிப்ரவரியில், பஸ் பார்சலில். சாக்குப் பையில் ஒன்பது கிழங்கு.

மாமனார் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு, கோயமுத்தூரில் மச்சினனின் ஃப்ளாட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. மண் கிடையாது. வாசலில் இருபத்தைந்து வருஷமாக வளர்த்த டேலியாவை மாமியார் தோண்டி எடுத்து, மகளுக்கு அனுப்பி வைத்தார்.

பார்சலை வாங்கி அடுக்களை வாசலில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். பி.காம். படித்தவன். ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுவது தொழில். மிச்ச நேரத்தில்தான் இந்த மாதிரிப் பத்திரிகைக்கு எழுதுவது. மதியம் சாப்பிட வந்தால் வீட்டில் ஒரே அமளி!

எங்கள் ஊர் நாகர்கோவில். சாக்குப் பையில் கிழங்கு வந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். மீன் கறிக்குத் தொட்டுக்கொள்ள! அம்மை ஒரு கிழங்கைத் தோல் சீவி நறுக்கி உலையிலும் போட்டுவிட்டாள். குளித்துவிட்டு வந்த என் மனைவி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதில் மேல் ஏறி எட்டிப் பார்த்திருக்கிறார்.

"மரச்சீனி மாதிரியும் இல்ல, சீனிக்கிழங்கு மாதிரியும் இல்ல, ஒரு தினுசா இருக்கேன்னு நெனச்சேன் மக்ளே. பூச்செடின்னு நான் கண்டனா?" என்றாள் அம்மை.

அம்மை மேல் தப்பே இல்லை. டேலியாவின் சொந்த ஊர் மெக்ஸிகோ. அங்கே பழங்காலத்து அஸ்டெக் ஜனங்கள் அந்தக் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின்காரர்கள் மாட்ரிட் தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். 1791-ல் அங்கே ஒரு தாவர விஞ்ஞானி, ஆண்டர்ஸ் டால் என்கிற ஸ்வீடன்காரர் நினைவாக டேலியா என்று பெயர் வைத்தார். டால் 1789-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1963-ல் மெக்ஸிகோ அதையே தேசிய மலராக்கிக்கொண்டது. தேசிய மலரைக் குழம்பில் போட்ட ஒரே நாஞ்சில் நாட்டுப் பெண்மணி எங்கம்மையாகத்தான் இருக்கும்.

ஆக, ஆரம்ப இருப்பு ஒன்பது. அடுக்களை நஷ்டம் ஒன்று. மீதி எட்டு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் விளை இருக்கிறது. (மேட்டுத் தோட்டத்துக்கு எங்கள் பக்கம் விளை என்று பெயர்.) மட்டி வாழை நாலு மூடு, செந்துளுவன் ஒரு மூடு, ஒரு தென்னை, காந்தாரி மிளகாய், பிச்சிக்கொடி, ஓரமாகக் கேந்தி. கோயமுத்தூர்க்காரர்கள் செண்டுமல்லி என்பார்களே, அதுதான் கேந்தி. நடுவில் நல்ல இடமாகப் பார்த்து எட்டுக் கிழங்கையும் நட்டேன். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் தண்ணீர். மாமியார் வீட்டுப் பொருள் ஆயிற்றே, உபசாரத்தில் குறை வைக்கலாமா?

அந்த உபசாரத்தில்தான் நாலு கிழங்கு அழுகிப்போயிற்று. முளை வெளியே தெரிகிற வரைக்கும் டேலியாவுக்குத் தண்ணீரே அதிகம் கூடாதாம். இன்னொன்று மாசக்கணக்கில் கல்லு மாதிரி கிடந்தது. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருக்கும். டேலியாவுக்குத் தண்டோடு ஒட்டுகிற கழுத்தில் மட்டும்தான் கண். கழுத்து ஒடிந்த கிழங்கு, கையெழுத்தில்லாத செக் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், பிரயோஜனம் இல்லை.

முளைத்தவை மூன்று. அதுவும் ஜூன் மழையில் இலையெல்லாம் பூசணம் பிடித்து, மொட்டே வைக்காமல் நின்றது. தமிழ்நாட்டில் பல ஊருக்கு ஒரு மழைக்காலம்தான். குமரி மாவட்டத்துக்கு இரண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. டேலியாவோ மலைக்காரி. பகலில் மிதமான வெயில், ராத்திரியில் குளிர் வேண்டும். குன்னூர் 6,000 அடி உயரம். எங்கள் ஊரில் டிசம்பர் ராத்திரியிலும் ஃபேன் ஓடும்.

இதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கோயமுத்தூரிலிருந்து போன் வரும்போதெல்லாம் மாமியார், "டேலியா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். என் மனைவி, "நல்லா இருக்கும்மா" என்பாள். வருஷம் முழுக்க இதே பதில்! எங்கள் வியாபாரத்தில் இதற்குப் பொய்க் கணக்கு என்று பெயர். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அந்த வீட்டுல இருந்து மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதாங்க. செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்ல?" என்றாள்.

அதற்கப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. குவார்ட்டர்ஸுக்கு வேறு யாரோ குடிவந்து, தோட்டத்தைக் கொத்திப்போட்டுவிட்டார்களாம்.

மூன்று செடியையும் தோண்டினதில் கண்ணுள்ள கிழங்கு ஐந்து தேறியது. 2017 அக்டோபரில் அவற்றை நட்டோம். இந்தத் தடவை தண்ணீரில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. நவம்பர் கடைசியில் நாலு செடியில் மொட்டு! பட்டாணி அளவுதான். மனைவி தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

நவம்பர் 30. ஒக்கிப் புயல்.

ராத்திரியில் ஆரம்பித்த காற்று விடிந்தும் நிற்கவில்லை. தென்னை தப்பித்தது. வாழை ஐந்தும் சாய்ந்தது, சாய்ந்தது டேலியா மேல். ஊரில் கரண்ட் கம்பங்களெல்லாம் விழுந்து பல நாள் இருட்டு. அதற்குள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று சேதி வர ஆரம்பித்தது. அந்த நாட்களில் பூச்செடி பற்றி வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

போன் கிடைத்ததும் மாமியார் முதலில் எல்லார் சுகமும் விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "டேலியா?" என்றார்.

மனைவி, "நல்லா இருக்கும்மா" என்று ஆரம்பித்தவள், முடிக்காமலே அழுதுவிட்டாள். ஒன்பது கிழங்கின் கதையும் வெளியே வந்துவிட்டது, குழம்பில் போட்டது உட்பட.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு மாமியார் கேட்டார்: "எத்தனை மிச்சம்?"

"ரெண்டு."

"ரெண்டு போதும்டி. ஏன் முன்னாடியே சொல்லல?"

அன்றைக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. கிழங்கை நேரே நடாதே. செப்டம்பரில் சட்டியில், மழை படாத திண்ணையில் முளைக்க வை. முளை மூன்று அங்குலம் வந்ததும் வெட்டி மணலில் குத்து, வேர் விட்டுவிடும். வெட்ட வெட்ட முளைக்கும், ஒரு கிழங்கிலிருந்து நாலைந்து செடி எடுக்கலாம். மழை ஓய்ந்து டிசம்பரில் தரையில் வை. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளு. எல்லாவற்றையும் என் மனைவி கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.

மதில் அண்ணாச்சியும் தன் பங்குக்கு வந்தார். ரிட்டயர்டு போஸ்ட்மேன். "மக்ளே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து சும்மா விடாது. பாத்திய ஒரு அடி மேடாக்கு, ஆத்து மணல் கலந்து போடு. மத்தியான வெயில் படாம தென்னைக்குக் கெழக்கால வையி. ஒவ்வொண்ணுக்கும் கம்பு நாட்டிக் கெட்டு. மலைக்காரியல்லா, பைய பைய பழக்கணும்." கடைசி வாக்கியம் செடியைப் பற்றியா, என் மனைவியைப் பற்றியா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். "ஓம் வெளையில நிக்கறதுல எது உள்ளூர்க்காரன்?" யோசித்தால் வாஸ்தவம். மரச்சீனி தென்னமெரிக்கா. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பினதால்தான் எங்கள் சட்டிக்கு வந்தது. காந்தாரி மிளகாயின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம். கேந்தியோ அசல் மெக்ஸிகோ, டேலியாவுக்கு ஊர்க்காரி மட்டுமல்ல, ஒரே குடும்பம்!

கேந்தி இங்கே ராணி மாதிரி வாழும்போது டேலியாவை மட்டும் ஏன் யாரும் பயிர் பண்ணவில்லை? இதைக் கேட்கவே ஒரு நாள் விடியக்காலம் நாலு மணிக்குத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் பைக்கில் கொஞ்ச நேரம். பிச்சி, அரளி, சம்பங்கி, வாடாமல்லி, கோழிக்கொண்டை என்று மூட்டை மூட்டையாய் இறங்கி, பாதி கேரளாவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓணம் வந்தால் அங்கே நடக்க இடமிருக்காது.

ஒரு வியாபாரியிடம் டேலியா படத்தைக் காட்டினேன். "பாக்க ஜோராத்தான் இருக்கு. மணம் உண்டா?" இல்லை. "நார்ல கெட்ட முடியுமா?" முடியாது, காம்பில்லாமல் நிற்காது. "ரெண்டு நாள் தாங்குமா?" இதழ் கொட்டிவிடும். "அப்ப அதை வச்சு நான் என்ன செய்ய?" என்று அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது நியாயம். பக்கத்துத் திண்ணையில் ஒருவர் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பாய் முடைகிற மாதிரி தட்டையாக மாலை கட்டிக்கொண்டிருந்தார். 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய தோவாளை மாணிக்க மாலை அதுதான். சாதா அரளி அந்தக் கையில் ரத்தினம் பதித்த மாதிரி ஆகிவிடுகிறது. டேலியாவுக்கு அந்த யோகம் இல்லை. விற்றுக் காசாக்க முடியாது என்பதால் லாப நஷ்டக் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

2018 செப்டம்பரில் இரண்டு கிழங்கும் திண்ணையில் முளைத்தன. ஒன்பது துண்டு வெட்டினோம், ஆறு வேர்விட்டது. டிசம்பரில் பாத்திக்கு மாற்றினோம். 2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது விளையிலிருந்து "என்னங்க!" என்று சத்தம். பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன்.

பூத்திருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் ஆல்பத்தில் அந்தப் பூ சாப்பாட்டுத் தட்டு அகலம். இங்கே காபி டபரா அகலம். அங்கே கரும் அரக்குச் சிவப்பு. இங்கே வெளுத்த சிவப்பு. சூட்டில் நிறம் கட்டாது. போதாததற்கு, பகல் பொழுது குறுகினால் டேலியா பூவைக் குறைத்துக் கிழங்குக்குச் சத்தை அனுப்பும். எங்கள் ஊரில் டிசம்பர் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

வீடியோ காலில் மாமியாரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்து நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து மொட்டைக் கிள்ளலையா நீ? கிள்ளினா இன்னும் பெருசா வரும்" என்றார்.

மனைவி சிரித்தாள். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் இதே சக்கரம்தான். சில வருஷம் பத்துப் பூ, சில வருஷம் மூன்று. மார்ச் 31-ந் தேதி ஊரெல்லாம் கணக்கு முடிக்கும்போது நாங்களும் தோண்டி எடுத்து எண்ணுவோம். போன மார்ச்சில் கடைசி இருப்பு பதினான்கு. பழைய அரிசிப் பானையில் காய்ந்த மணல் போட்டு அடுக்களை மூலையில் வைத்திருக்கிறோம். பானையின் மேல் சாக்பீஸால் அம்மை தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்: 'கறிக்கு இல்லை'.