புறா கொண்டுபோன கடிதமும் நம்ம வீட்டு வைஃபையும்



நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போற நம்ம ஆட்கள் சிலபேர், குறிகட்டுவான் இறங்குதுறையில் வேறு படகு பிடித்து நெடுந்தீவையும் பார்த்துவிட்டு வருவார்கள். அங்கே பழைய புறாக்கூடு ஒன்று நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் சேதி அனுப்பப் புறா வளர்த்த இடம் என்று சொல்வார்கள்.

எங்களோடு வந்த பிள்ளை ஒன்று கேட்டது: "சார், நடுவழியில யாராவது புறாவைப் பிடிச்சிட்டா?" நல்ல கேள்வி. பிடித்தவன் கடிதத்தைப் படித்துவிடுவான். இரகசிய எழுத்தில் எழுதியிருந்தால்தான் அவனுக்குப் புரியாது.

வைஃபையும் அதே கதைதான். ரவுட்டர் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் கம்பி கிடையாது. சேதி காற்றில் போகிறது. நம்ம காம்பராவில் வைத்த பெட்டியின் அலை அடுத்த காம்பராவுக்கும் ரோட்டுக்கும் போகும். ஆகவே சேதியை இரகசிய எழுத்தாக்கி அனுப்புகிறார்கள். இதற்குக் குறியாக்கம் என்று பெயர்.

1997இல் வந்த முதல் முறை டபிள்யூ.ஈ.பி. அதை உடைக்கும் வழியை 2001இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பிறகு 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 என்று பூட்டு பலமாகிக்கொண்டே வந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 போட்டிருக்கா என்று படித்த பிள்ளையிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டபிள்யூ.ஈ.பி. வேண்டாம்.

2. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. போன் நம்பர், பிள்ளையின் பெயர் வைக்காதீர்கள்.

3. ஒரே கடவுச்சொல்லை லயம் முழுக்கக் கொடுக்காதீர்கள். டபிள்யூ.பி.ஏ.2இல் அது தெரிந்த விஷயகாரன் மற்றவர் சேதியையும் திறக்கப் பார்க்கலாம்.

4. பயணத்தில் கடவுச்சொல் கேட்காத வைஃபையில் வங்கி வேலை பார்க்காதீர்கள். வங்கிகள் தங்கள் சேதிக்குத் தனிப் பூட்டு போட்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதே பெயரில் போலி வைஃபை வைத்து, போலிப் பக்கத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம்ம அக்கா ஒருவர் தங்கிய இடத்தில் இப்படித்தான் ஏமாந்தார். "இலவச வைஃபை வேணுமா, கார்ட் நம்பரைப் போடுங்க" என்றது ஒரு பக்கம். போட்டார். பிறகு போனுக்கு வந்த இரகசிய எண்ணையும் போட்டார். மகளின் படிப்புக்குச் சேர்த்த காசு போய்விட்டது. என்னிடம் வந்து அழுதபோது இரண்டு நாள் கடந்திருந்தது. உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்டை நிறுத்தியிருந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம்.

கொழுந்து பறித்துச் சேர்த்த காசு. சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். என் கதவு திறந்தே இருக்கும்.